கிஃபு கோட்டைக்கு வயது எத்தனை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானின் கிஃபு கோட்டையைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்திருந்தது. படம் அருமை. மலை முழுக்கப் பச்சை, உச்சியில் வெள்ளை வெளேரென்று ஒரு கோபுரம். ஆனால் படத்துக்குக் கீழே "450 ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் நொபுநாகாவின் கோட்டை" என்று போட்டுவிட்டீர்கள். போன வாரம் அதற்கு ஒரு வாசகர் சூடாகப் பதில் எழுதியிருந்தார்: அது வெறும் சிமென்ட் கட்டடம், உள்ளே போனால் ஏதோ அலுவலகத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கிறது, காசு கொடுத்து ஏமாறாதீர்கள் என்று. நான் நகோயாவில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து கிஃபுவுக்கு ரயிலில் சுமார் இருபது நிமிடம்தான், அந்த மலையில் எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன். கட்டுரையாளர் சொன்னது தப்பு. பதில் எழுதியவர் சொன்னது பாதி சரி, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம் தப்பு.

முதலில் வயதுக் கணக்கை முடித்துவிடுகிறேன். படத்தில் நீங்கள் போட்ட கோபுரம் 1956 ஜூலையில் கட்டி முடித்தது. கம்பி கட்டிய கான்கிரீட், வெளியே மூன்று அடுக்கு, உள்ளே நான்கு மாடி, உயரம் 17.7 மீட்டர். பதினாறாம் நூற்றாண்டுப் படைத்தலைவர் ஓடா நொபுநாகா செத்தது 1582-இல். ஜப்பானில் மன்னர் காலத்துக் கோபுரம் அப்படியே தப்பிப் பிழைத்து நிற்பது மொத்தம் பன்னிரண்டே பன்னிரண்டு கோட்டைகளில்தான், அந்தப் பட்டியலில் கிஃபு கிடையாது. ஹிமேஜி உண்டு, மட்சுமோட்டோ உண்டு, பக்கத்திலேயே இனுயாமா உண்டு. பழைய மரக் கோபுரம்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் தாராளமாக இனுயாமாவுக்குப் போகட்டும், நகோயாவிலிருந்து அதுவும் கிட்டத்தான்.

சரி, அப்படியென்றால் கிஃபுவில் என்ன இருக்கிறது? மலை இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு தடவை ஆனது. முதல் தடவை நானும் அந்த வாசகரைப் போலத்தான் போனேன். அடிவாரப் பூங்காவில் ரோப்காரைப் பிடித்தால் நாலு நிமிடத்தில் மேலே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ஒரு பத்து நிமிடம் படியேற வேண்டும். கோபுரத்துக்குள் போனேன், கண்ணாடிப் பெட்டிக்குள் வாளும் கவசமும் இருந்தன. வர்ணம் பூசிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உச்சி மாடிக்கு ஏறி நாலு படம் எடுத்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கா வந்தோம் என்று இருந்தது. திரும்பும்போது ரோப்கார் ஜன்னல் வழியாகக் கீழே மரங்களுக்கு நடுவே ஆட்கள் ஏறி வருவதைப் பார்த்தேன், அதில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். இவர்கள் எதற்காக இப்படி மூச்சு வாங்குகிறார்கள் என்று தோன்றியது. அடுத்த முறை நடந்தேன்.

கோட்டை நிற்கிற இந்தக் கின்கா மலையின் உயரம் 329 மீட்டர். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் சமவெளி சட்டென்று முடிகிற இடத்தில் ஒரு கல்லை நட்டு வைத்தது போல நிற்கிறது, ஒரு பக்கம் அதன் காலை உரசிக்கொண்டு நாகரா ஆறு போகிறது. பாறை சிக்கிமுக்கிக் கல்லின் இனம். கடலடியில் படிந்த நுண்ணுயிர்க் கூடுகள் இறுகிக் கல்லானது, அதனால் உடைந்தால் கத்தி மாதிரி உடையும், தேய்ந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மழை பெய்த மறுநாள் நான் போன அன்று ஒரு வளைவில் கால் சறுக்கி உட்கார்ந்தே விட்டேன். பின்னால் வந்த ஒரு பெரியவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, "கல்லைப் பார்த்துக் கால் வைக்காதீர்கள் தம்பி, மண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்" என்றார். தினமும் காலையில் ஏறுகிறாராம். அவர் ஊன்றி வந்த குச்சியின் நுனி தேய்ந்து கட்டைவிரல் அளவுக்கு உருண்டிருந்தது.

உச்சிக்குப் பாதைகள் பல. அந்தக் காலத்தில் கோட்டையின் ராஜபாட்டை நானமகாரி, 'ஏழு வளைவு' என்று அர்த்தம். இருப்பதிலேயே சுலபமானதும் அதுதான். ஆற்றுப் பக்கமிருந்து ஏறுவது 'தியானப் பாதை', பேர்தான் தியானம், பாறையைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. 'குதிரை முதுகு' என்று ஒன்று இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே வயதானவர்களாலும் சின்னப் பிள்ளைகளாலும் முடியாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், மிகை இல்லாத பலகை அது. ஒரு மணி நேரம் இப்படி மூச்சு வாங்கி, சட்டை நனைந்து மேலே போய்ச் சேரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கையில் ஈட்டி, மேலே கவசம், எதிரே மேட்டிலிருந்து அம்பு என்றால் இந்த மலையில் ஏறுவது எப்படி இருந்திருக்கும்! இங்கே மதிலும் அகழியும் மலைதான், அதைக் கட்டியது எந்த மன்னரும் இல்லை.

இங்கே முதலில் கோட்டை போட்டது 1201-இல், நிகைடோ யுகிமாசா என்று சொல்கிறார்கள். இனாபயாமா கோட்டை என்று பெயர் எடுத்தது பதினாறாம் நூற்றாண்டில், சைட்டோ தோசன் காலத்தில். எண்ணெய் வியாபாரியாகத் தொடங்கி மினோ நாட்டையே (இந்த வட்டாரத்தின் பழைய பெயர்) பிடித்தவர் என்று கதை கதையாகச் சொல்வார்கள், பிறகு கிடைத்த ஒரு பழைய கடிதத்தை வைத்துப் பார்த்தால் அது ஒரே ஆளின் வேலை இல்லை, அப்பாவும் மகனுமாக இரண்டு தலைமுறையில் செய்தது என்று வரலாற்றாசிரியர்கள் திருத்திவிட்டார்கள். கதை கொஞ்சம் சப்பென்று ஆனது உண்மைதான். இந்தத் தோசன்தான் தன் மகளைப் பக்கத்து நாட்டு நொபுநாகாவுக்குக் கட்டிக்கொடுத்தார். 1556-இல் தன் மகன் யோஷிதாட்சுவின் படையோடு நாகரா ஆற்றங்கரையில் மோதி அங்கேயே செத்தார்.

அசைக்க முடியாத கோட்டை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தார்களே, அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. இந்தக் கோட்டை விழுந்த கதைகளைத்தான் கிஃபுக்காரர்கள் விரும்பிச் சொல்வார்கள். 1564-இல் தோசனின் பேரன் தாட்சுஒகி ஆண்டுகொண்டிருந்தபோது, அவருடைய சொந்த வீரர் தகேனகா ஹன்பெய், கோட்டைக்குள் பணயமாக இருந்த தம்பிக்கு உடம்பு சரியில்லை, பார்க்க வந்தேன் என்று பெட்டிகளில் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு, பதினாறு பதினேழு ஆட்களோடு உள்ளே புகுந்து கோட்டையைப் பிடித்துவிட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. பிடித்தவர் வைத்துக்கொண்டாரா என்றால் இல்லை, சில மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாடம் புகட்டத்தான் செய்தாராம்! மூன்றே வருடத்தில், 1567-இல், நொபுநாகா வந்து நிஜமாகவே பிடித்தார்.

ஊருக்கு 'கிஃபு' என்று பெயர் வைத்தவர் நொபுநாகா. பழைய சீனத்தில் ஜோ வம்சம் எழுந்த சி மலையிலிருந்து ஒரு எழுத்து, கன்ஃபூசியஸ் பிறந்த சூஃபுவிலிருந்து ஒரு எழுத்து, தாகுகென் என்ற துறவி சொல்லிக் கொடுத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 'தெங்கா ஃபுபு' என்ற முத்திரையை அவர் குத்தத் தொடங்கியதும் இங்கிருந்துதான். வானத்தின் கீழே உள்ள எல்லாவற்றையும் படைபலத்தால் ஆள்வது என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள், 'தெங்கா' என்றால் அன்றைக்குத் தலைநகர் வட்டாரம் மட்டும்தான் என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு.

1569-இல் லூயிஸ் ஃப்ராய்ஸ் என்ற போர்ச்சுக்கீசிய பாதிரியார் நொபுநாகாவைப் பார்க்க இங்கே வந்தார். கீழே ஊர்ச் சந்தையின் நெரிசலைப் பார்த்து பாபிலோன் மாதிரி இருக்கிறது என்று எழுதினார். அடிவாரத்து மாளிகையை நொபுநாகா தானே கூட இருந்து சுற்றிக் காட்டினார், அப்புறம் மலை உச்சிக்கும் வரவழைத்தார். அங்கே ஃப்ராய்ஸுக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்து வந்து வைத்தது வேலைக்காரர் இல்லை, நொபுநாகாவேதான். பேரைச் சொன்னாலே நாடு நடுங்கிய மனிதர்! மேலே குடும்பம் குடியிருந்தது, கோட்டை என்றால் அது வீடும்தான் என்று எனக்குப் புரிந்தது இந்த ஒரு தட்டை வைத்துத்தான்.

அந்த அடிவாரத்து மாளிகை இருந்த இடத்தைக் கட்டுரையாளர் நின்று பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன், ஒரு வரிகூட இல்லை. ரோப்கார் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1984-இலிருந்து தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பெரிய கற்களை நிறுத்தி வைத்த நுழைவழி, பாறைச் சுவரில் அருவி விழும்படி அமைத்த தோட்டம், தங்க ரேக்கு ஒட்டிய ஓட்டுத் துண்டுகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. நிஜமான 450 வருடம் வேண்டுமென்றால் அது அங்கே மண்ணில் கிடக்கிறது, டிக்கெட்டும் இல்லை. 2011-இல் மத்திய அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததும் 'கிஃபு கோட்டை எச்சங்கள்' என்ற பெயரில் மலையையும் சேர்த்துத்தான்.

முடிவு 1600-இல் வந்தது. அப்போது கோட்டை நொபுநாகாவின் பேரன் ஹிதெநொபு கையில். ஜப்பான் யார் கையில் என்பதைத் தீர்த்த செகிகஹாராப் போருக்குச் சுமார் மூன்று வாரம் முன்னால், அதில் ஜெயித்த தொகுகவா இயெயாசு தரப்புப் படை வந்து மோதியது. தளபதிகளில் ஒருவர் இகெதா தெருமாசா. அவர் யார் தெரியுமா? சுமார் பத்து வருடம் முன்புவரை இதே கோட்டைக்குத் தலைவராக இருந்தவர். எந்தப் பாதை எங்கே போகும், எங்கே தண்ணீர் என்று எல்லாம் அத்துப்படி. தண்ணீர் என்றேனே, அது இந்த மலையின் பெரிய குறை. பாறை மலை, ஊற்று கிடையாது. உச்சியில் பாறையை வெட்டிக் குழியாக்கி மழைநீரைப் பிடித்து வைத்திருந்தார்கள். கோபுரத்துக்குப் போகும் வழியில் இன்றைக்கும் ஒன்றைப் பார்க்கலாம். கம்பி வேலிக்குள் ஒரு சின்னப் பள்ளம், ஆடி அசைந்து போகிறவர்கள் குப்பைத் தொட்டி என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். நாள்கணக்கில் முற்றுகை தாங்குகிற மலை இல்லை இது. தாங்கவும் இல்லை, ஒரே நாளில் கோட்டை விழுந்தது. வீரர்கள் செத்து விழுந்த தரைப் பலகைகளை மிதிபடக் கூடாது என்று சோஃபுகுஜி என்ற கோயிலின் கூரைக்கு அடியில் பதித்தார்கள் என்று சொல்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால் கறுத்த கறை தெரிகிறது. ஹிதெநொபு துறவியாக கோயா மலைக்குப் போனார்.

அதோடு இயெயாசு இந்த மலையை மூடிவிட்டார். 1601-இல் சமவெளியில் கானோவில் புதுக் கோட்டை கட்டச் சொல்லி, இங்கிருந்த மரம் கல் எல்லாவற்றையும் கீழே இறக்கினார்கள். அடுத்த முந்நூறு வருடம் உச்சி வெறிச்சோடிக் கிடந்தது. இதைத்தான் "450 ஆண்டுகளாக" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள்.

அப்புறம் 1910. ஊர்க்காரர்கள் மலை உச்சியில் மறுபடியும் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். எப்படி? நாகரா ஆற்றுப் பாலத்தைப் பிரித்தபோது கிடைத்த பழைய மரங்களை வைத்து, மேலே தகரக் கூரை போட்டு! அந்தத் தகரக் கோட்டையை நினைத்தால் எனக்கு ஏனோ பிரியம். பழைய கோபுரம் எப்படி இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, கையில் காசில்லை, ஆனாலும் அண்ணாந்து பார்த்தால் மலையில் ஒன்று இருக்க வேண்டும். அது 1943-இல் தீப்பிடித்து எரிந்தது. இரண்டு வருடம் கழித்து 1945 ஜூலையில் குண்டுவீச்சில் கீழே ஊரும் எரிந்தது. அந்த ஊர் எழுந்து நின்று, நன்கொடை திரட்டி, பதினோரு வருடத்தில் கட்டியதுதான் உங்கள் வாசகர் 'சிமென்ட் கட்டடம்' என்று கழித்துப் பேசுகிற கோபுரம். இரண்டு தடவை எரிவதைப் பார்த்தவர்கள் மரத்தில் கட்டவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. ரோப்கார் அதற்கு முந்தின வருடமே, 1955-இல் ஓடத் தொடங்கிவிட்டது, ஆக நாலு பேர் வந்து பார்க்க வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்தே இருந்தது, அதை யாரும் மறைக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஜப்பான் முழுக்க இதே கதைதான். ஹிரோஷிமா 1958, நகோயா 1959, எல்லாம் கான்கிரீட். இதில் ஒரு வேடிக்கை கிஃபு மாநிலத்திலேயே இருக்கிறது. குஜோ ஹாச்சிமன் என்று இன்னொரு மலைக் கோட்டை, 1933-இல் மரத்தில் புதிதாகக் கட்டியது, அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது ஓகாகி கோட்டையை. 1945-இல் குண்டுவீச்சில் ஓகாகி எரிந்துபோனது. 1959-இல் ஓகாகியைத் திரும்பக் கட்டும்போது எதைப் பார்த்தார்கள்? குஜோ ஹாச்சிமனை. நகல் அசலுக்கு மாதிரியாகிவிட்டது. இப்போது எதை அசல் என்பது, எதைப் போலி என்பது? குஜோ ஹாச்சிமனின் மரப்படிகள் தேய்ந்து, ஏறும்போது கிறீச்சிடுகின்றன. தொண்ணூறு வருடப் பழமை என்பதும் பழமைதானே.

அதற்காக கிஃபு கோபுரத்தின் உள்ளே பிரமாதம் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கட்டு விஷயத்தில் அந்த வாசகர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, வாளும் கவசமும் எந்த அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். ஆனால் உச்சி மாடிக்கு வெளியே வந்து கைப்பிடிச் சுவரோரம் ஒரு சுற்று நடங்கள். வடக்கே நாகரா ஆறு மலைகளுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. தெற்கே நோபி சமவெளி தட்டை மாதிரி விரிந்து, பனிக்காலத்துத் தெளிந்த நாளென்றால் நகோயாவின் உயரமான கட்டடங்கள்வரை தெரிகிறது. மேற்கே இபுகி மலை, அதன் அடியில்தான் செகிகஹாரா. இங்கே நின்றால் யார் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரிந்துவிடும். இந்த இடத்துக்காக ஏன் அப்பனும் மகனும் வெட்டிக்கொண்டார்கள் என்று எந்தப் பலகையும் சொல்ல வேண்டியதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கிஃபு ரயில் நிலையத்துக்கு வெளியே நொபுநாகா முழுக்கத் தங்க நிறத்தில் சிலையாக நிற்பார், (எனக்குப் பிடிக்காது, ஆனால் வழி கேட்க வசதி) அங்கிருந்து பூங்காவுக்குப் பேருந்தில் கால் மணி நேரம். ரோப்காரில் ஏறி நடந்து இறங்கலாமே என்று தோன்றும், முழங்கால் மேல் அக்கறை இருந்தால் நடந்து ஏறி ரோப்காரில் இறங்குங்கள். கடைசி வண்டி நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதைக் கீழேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் போய் ஒரு நவம்பர் மாதம் செல்போன் வெளிச்சத்தில் ஏழு வளைவையும் இறங்கியிருக்கிறேன். மே மாதம் போனால் மலையில் ஒரு வகைக் கொட்டை மரம் பூத்து மலையே மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும், கின்கா என்றால் பொற்பூ, அந்தப் பெயர் இதனால் வந்தது என்கிறார்கள். மே 11 முதல் அக்டோபர் 15 வரை என்றால் இரவில் ஆற்றில் நீர்க்காகத்தை விட்டு மீன் பிடிப்பதையும் பார்க்கலாம், படகின் முனையில் கூண்டுக்குள் விறகு எரியும்.

படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் மட்டும் போட்டுவிடுங்கள். "மலையில் கோட்டை 1201 முதல், கோபுரம் 1956" என்று போட்டால் போதும், இடமும் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
நகோயாவிலிருந்து ஒரு வாசகர்

பி.கு.: பிள்ளைகளோடு போகிறவர்கள் ரோப்காரின் மேல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அணில் பூங்காவைத் தவிர்க்க முடியாது, 1965-இலிருந்து இருக்கிறது. கையில் ஒரு தடித்த உறை மாட்டிவிட்டு அதில் தீனி வைப்பார்கள், அணில் வந்து உள்ளங்கையில் உட்காரும். உறையைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்க நினைக்காதீர்கள், என் சுட்டுவிரலைக் கேட்டால் சொல்லும்.